என் மூக்கு சாகடித்த நான்கு வயல்கள்

எங்கள் பள்ளத்தாக்கில் குளிருக்கு யாரும் பயப்படுவதில்லை. பயமெல்லாம் டிசம்பர் மழைக்குத்தான். பனி எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டட்டும், அது புல்லுக்குப் போர்வை. அந்தப் போர்வையின் மேல் ஒருநாள் மழை பெய்து, மறுநாள் உறைந்தால்தான் வினை. போர்வை மூடியாகிவிடும். அந்த வருடம் டிசம்பர் பத்தாம் தேதி அப்படித்தான் ஆயிற்று. வயல் முழுக்க ஒரு சாண் கனத்துக்குக் கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி. அதில் வழுக்கி விழுந்த முதல் ஆள் நான்தான். சொல்லாவிட்டாலும் போகப் போக நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள்.

வயல் என்றால் இங்கே புல்வயல். கோடையில் அறுத்துக் கட்டிவைத்த புல்லை நம்பித்தான் குளிர்காலம் முழுக்க இருபத்திரண்டு மாடுகள் தொழுவத்தில் நிற்கின்றன. மாடுகள் என் மனைவி யோரூனின் பொறுப்பு. புல் என் பொறுப்பு. கல்யாணமான புதிதில் பிரித்துக்கொண்டது. மாட்டைப் பார்த்துக்கொள்ள மூளை வேண்டும், புல்லுக்கு அது தேவையில்லை என்று அவள் அன்றைக்கே கணித்துவிட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் பள்ளத்து வயல் இதே மாதிரி மூடிக்கு அடியில் செத்துப் போனது. பக்கத்துப் பண்ணை பிரான்தூர் புல்கட்டுகள் கொடுத்துக் காப்பாற்றினான். இந்த முறை பள்ளத்தாக்கு முழுவதும் மூடியின் கீழ். கொடுக்க யாரிடமும் இருக்காது. புல் செத்திருந்தால் வசந்தம் வருவதற்குள் மாடுகளை அனுப்பிவிட வேண்டியதுதான். அடுத்த கடற்கழியில் கெத்தில் என்பவன் புதிதாகத் தொழுவம் கட்டிவிட்டு மாடு தேடிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டையும் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். பிப்ரவரி பதினைந்து, சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும். இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வான்.

யோரூன் ஒவ்வொரு மாட்டையும் கன்றாக இருந்தபோதிலிருந்து கையால் வளர்த்தவள். கெத்திலின் பெயரை வீட்டில் யார் எடுத்தாலும் அவள் எழுந்து பால் கறக்கப் போய்விடுவாள். கறந்து முடித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

எங்கள் வயலில் வளரும் திமோத்திப் புல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆகஸ்டில் பகல் சுருங்கத் தொடங்கியதுமே அது வளர்வதை நிறுத்திக்கொள்ளும். வெயில் இன்னும் இருக்கும்போதே நிறுத்தும், அதுதான் சாமர்த்தியம். மிச்சமிருக்கும் வெளிச்சத்தையெல்லாம் சர்க்கரையாக்கித் தூரில் இறக்கி வைக்கும். உயிரணுக்களுக்குள் இருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். உள்ளே தண்ணீர் இருந்தால்தானே உறைந்து வெடிக்கும்? நான் இதற்கு நேரெதிர். பகல் சுருங்கினால் உள்ளே பீரை ஊற்றிக்கொள்கிறேன், அடுத்த கோடை வரை யாருக்கும் உபயோகப்படுவதில்லை.

அப்படித் தயாராகிப் படுத்த புல்லுக்குப் பனியின் அடியில் துளி மூச்சு போதும். ஆனால் மேலே பனிக்கட்டி மூடினால் விட்ட மூச்சுக்கு வழியில்லை. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களும் தூங்குவதில்லை. அந்தக் குளிரிலும் நிதானமாக எதையாவது அரித்துத் தின்றுகொண்டு அவையும் மூச்சு விடும். இருக்கிற காற்று தீர்ந்ததும், காற்றே வேண்டாத வேறொரு கூட்டம் எழுந்துவந்து எல்லாவற்றையும் புளிக்க வைக்கும். அந்தப் புளிப்பில்தான் புல் சாகும். மூடி போட்டு அறுபது நாள் தாண்டினால் தூக்கம் போகும், தொண்ணூறு தாண்டினால் நம்பிக்கை போகும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு.

உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கோடரியால் குழி வெட்டி, மண்டி போட்டு, காற்று அடிக்காமல் இரண்டு கைகளையும் குழியைச் சுற்றிக் குவித்து, முகத்தை உள்ளே விட்டு மோந்து பார்க்க வேண்டும். மண்வாசனை என்றால் பிழைத்தது. புளித்த நாற்றம் என்றால் போயிற்று. இந்த விஷயத்தில் என் மூக்குக்குப் பள்ளத்தாக்கில் ஒரு மரியாதை இருந்தது. மற்ற உறுப்புகளுக்கு இல்லை, மூக்குக்கு மட்டும். "தூமியைக் கூப்பிடு, அவன் மோந்து சொல்லட்டும்" என்பார்கள். நானும் டாக்டர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு போவேன்.

பிப்ரவரி எட்டாம் தேதி பொது மண்டபத்தில் தோரி என்கிற நடுக்குளிர் மாதத்து விருந்து. அந்த வருடம் விருந்துக் குழுவில் நானும் ஒருவன். குழுவுக்கு இரண்டு வேலை. ஊர்க்காரர்களைக் கேலி செய்து ஒரு நாடகம் போட வேண்டும், பிறகு அவர்களுக்கே சாப்பாடும் போட வேண்டும். நாடகத்தில் பிரான்தூரை ஒரு கை பார்த்தோம். இலையுதிர் காலத்தில் மலையிலிருந்து ஆடுகளை இறக்கும்போது, அவன் அரை நாள் ஏறிப் போய் ஒரு வெள்ளைப் பாறையைக் கெஞ்சிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த கதை. முன்வரிசையில் உட்கார்ந்து அவனே கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

சாப்பாட்டில் என் பங்கு தொட்டிகளைத் தூக்குவது. இலையுதிர் காலத்திலிருந்து புளித்த தயிர்த்தண்ணீரில் ஊறும் ஆட்டு விதை, இரத்தப் பணியாரம், தலைக்கறி என்று நான்கு தொட்டி. ஒவ்வொரு படிக்கும் தண்ணீர் தளும்பி என் கம்பளிக் கையுறை மணிக்கட்டு வரை நனைந்தது. வீட்டுக்கு வந்து வெந்நீர்க் குழாயின் மேல் காயப் போட்டேன்.

திங்கட்கிழமை, மூடி விழுந்து அறுபத்திரண்டாம் நாள், கோடரியோடு வயலுக்குப் போனேன். குழி வெட்டினேன். மண்டி போட்டேன். கைகளைக் குவித்து ஆழமாக இழுத்தேன்.

புளிப்பு. சந்தேகமே இல்லாத புளிப்பு.

நான்கு இடத்தில் வெட்டினேன். நான்கிலும் அதே.

யோரூன் தொழுவத்தில் தீவனம் அள்ளிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தாள்.

"பள்ளத்து வயலா?"

"எல்லாமே."

"மேட்டுலயுமா?"

"மேட்டுலயும்தான், யோரூன்."

அவள் அழவில்லை. பக்கத்தில் நின்ற ஹூபாவின் நெற்றியைத் தடவினாள். தலையில் வெள்ளைத் தொப்பி வைத்த மாதிரி இருக்கும் கிழட்டு மாடு அது. "சனிக்கிழமை வரைக்கும் கெத்திலுக்கு ஃபோன் பண்ணாதே" என்றாள். "அதுவரைக்கும் இதுங்க என்னோடதாவே இருக்கட்டும்."

செய்தி பரவியது. மற்றவர்களும் மூக்கைக் கூப்பிட்டார்கள். அன்று மாலைக்குள் பிரான்தூர் வயலையும் சேர்த்து இன்னும் மூன்று பண்ணைகளுக்குப் போனேன். மூன்றிலும் மண்டி போட்டேன், மூன்றிலும் எழுந்து தொப்பியைக் கழற்றினேன். எங்கள் வயலோடு நான்கு வயல்களை ஒரே நாளில் அடக்கம் செய்துவிட்டு வந்தேன். கடைசிப் பண்ணையில் எனக்குக் காப்பி கொடுத்தார்கள். இழவு வீட்டில் பாதிரியாருக்குக் கொடுப்பார்களே, அந்த மரியாதையோடு.

புதன்கிழமை பொது மண்டபத்தில் தொட்டிகளைக் கழுவும் வேலை பாக்கி இருந்தது. வெளியே கொண்டுவந்து வெந்நீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிரான்தூர் காரை நிறுத்திவிட்டு வந்து என் வேலையைப் பார்த்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவன். யோசிக்கும்போது மூக்கால் மூச்சு விடுவான், குதிரை மாதிரி.

"தூமி, என் மேட்டு வயல்ல ஐஸ் புடிச்சு மூணு வாரம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி பனியைக் காத்து அடிச்சுத் தள்ளிட்டே இருந்துச்சு, வெறும் தரையாத்தான் கெடந்துச்சு."

"சரி."

"மூணு வாரத்துல புல்லு சாகுமா?"

"சாகாதுதான். ஆனா செத்துருக்கே. நான் மோந்தேனே."

"மோந்தே."

"மூக்கு பொய் சொல்லாது, பிரான்தூர்."

"மூக்கு சொல்லாது. மூக்குக்காரனைப் பத்தித்தான் எனக்கு யோசனை." சுவரில் சாய்த்திருந்த இரும்புக் கடப்பாரையை எடுத்து, நாங்கள் நின்ற இடத்திலேயே பனிக்கட்டியைக் குத்த ஆரம்பித்தான். குழி கைமுழம் ஆழம் போனதும் நிறுத்தினான். "வா, என் நல்லவனே. இதையும் மோந்து சொல்லு."

எனக்கு ரோஷம். ஈரமான ரப்பர் கையுறையைக் கழற்றிவிட்டு, ஜேபியிலிருந்து கம்பளிக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டேன். முறைப்படி மண்டி போட்டேன். முறைப்படி குவித்தேன். மூச்சை விட்டு, பிறகு இழுத்தேன்.

எழுந்து, அவன் தோளில் கை வைத்தேன்.

"மனசைத் தேத்திக்க. இதுவும் போயிடுச்சு."

பிரான்தூர் தலையசைத்தான். சுற்றும் முற்றும் பார்த்தான். அவன் கார், என் கார், மண்டபத்துக் கொடிக்கம்பம்.

"தூமி. இது கார் நிறுத்துற எடம்."

"தெரியும்."

"அடியில ஜல்லி போட்டிருக்கு. நீயும் நானும்தான் போட்டோம், பதினோரு வருஷம் முன்னாடி. இதுல எவன்டா புல்லு விதைச்சான்?"

சில கேள்விகளுக்கு வாயைத் திறந்தபடி நிற்பதே சரியான பதில்.

அவன் என் வலது கையைப் பிடித்து இழுத்து, கையுறையின் உள்ளங்கையில் வாயை வைத்து 'ஹா' என்று ஊதினான். பிறகு மோந்தான். தலை பின்னால் போயிற்று.

"ஆட்டு விதை!" என்றான். "புல்லு சாகலடா, உன் கையுறையில ஆட்டு விதைதான் செத்துக் கெடக்கு!"

கையுறை குளிரில் விறைத்துக் கிடக்கும்போது ஒரு வாசனையும் கிடையாது. குழியைச் சுற்றிக் கையைக் குவித்து நான் மூச்சு விட்டதும் அது இளகி, ஊறியிருந்த தயிர்த்தண்ணீர் தன் வேலையைக் காட்டியிருக்கிறது. அதே வாசனையில் இரண்டு நாள் விருந்து மண்டபத்தில் கிடந்தவனுக்கு அது தனியாகத் தெரியுமா? பிரான்தூர் சிரித்தான். பனிக்கட்டியின் மேலேயே உட்கார்ந்து சிரித்தான். வெள்ளைப் பாறைக்காக வட்டியோடு சிரிக்கிறான் என்று தெரிந்தும் எனக்கு வலிக்கவில்லை. நானும் உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டில் யோரூன் கையுறையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இதைப் போட்டுக்கிட்டா நாலு வீட்டுக்குப் போனே?"

"மூணு. ஒண்ணு நம்மது."

"அவங்க காப்பி வேற குடுத்தாங்களா?"

"கேக்கும் குடுத்தாங்க."

"எட்டு வருஷமா சொல்றேன், துணியைத் துவைன்னு. நீ துவைக்காததுல என் மாடு போயிருக்கும், மனுஷா." திங்கட்கிழமை வராத அழுகை இப்போது வந்தது. சிரிப்பும் கூடவே வந்ததால் எதற்குத் துணி எடுத்துக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அது பாதி நிம்மதிதான். செத்தது என்று சொன்ன சாட்சி பொய்யானதால், உயிரோடு இருக்கிறது என்று ஆகிவிடாதே. வெறும் கையோடு இருவரும் போய் மோந்து பார்த்தோம். எனக்குக் குளிர் மட்டும் தெரிந்தது. யோரூன் தனக்கு என் சட்டை வாசனைதான் வருகிறது என்றாள். என் மூக்கை இனி நானே நம்பத் தயாராக இல்லை.

உண்மையைச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: புல். கோடரியால் பனிக்கட்டியைப் பிளந்து, பள்ளத்து வயலின் மோசமான இடத்திலிருந்தே ஒரு புல்கட்டியை மண்ணோடு பெயர்த்தோம். ரொட்டி அளவு. அதைச் சட்டென்று சூட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. இரண்டு நாள் குளிர்ந்த வாசல் அறையில் மெல்ல இளக விட்டு, பிறகுதான் சமையலறை ஜன்னலில் வைக்க வேண்டும். தூரில் உயிர் இருந்தால் பத்து பன்னிரண்டு நாளில் முளை காட்டும்.

சனிக்கிழமைக்கு இருந்ததோ மூன்று நாள்.

யோரூன் கெத்திலுக்கு ஃபோன் செய்தாள். நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவன் குரல் கொரகொரவென்று எனக்கும் கேட்டது.

"இன்னும் ரெண்டு வாரம் பொறுக்க முடியுமா?"

"முடியாது யோரூன். கிழக்குல ஒருத்தன் லாரியோட தயாரா நிக்கிறான். சனிக்கிழமை உன்னது, இல்லேன்னா அவனோடது."

"அப்ப அவனோடதையே எடுத்துக்க."

"உங்க வயல் போயிடுச்சுன்னு பள்ளத்தாக்கே சொல்லுதே?"

"ஒரு கையுறை சொல்லுச்சு. கையுறை பேச்சைக் கேட்டு நான் மாட்டை விக்கிறதில்ல." ஃபோனை வைத்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, அவ்வளவு தைரியம் இல்லாத குரலில் கேட்டாள்: "சரியாத்தானே செஞ்சேன்?"

தெரியாது என்பதுதான் உண்மை. "சரிதான்" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அதற்கு மட்டும் நான் வருத்தப்பட்டதில்லை.

மற்ற இரண்டு பண்ணைகளுக்கும் நானே ஃபோன் செய்தேன். ஒரு வீட்டில் சிரித்தார்கள். இன்னொரு வீட்டில் பெரியவர் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, என் குடும்பத்தை மூன்று தலைமுறைக்குத் திட்டினார். திட்டு வாங்குவது அவ்வளவு இதமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

புல்கட்டி வெள்ளிக்கிழமை ஜன்னலுக்கு வந்தது. அதை மோந்து பார்க்க எனக்குத் தடை. பார்க்கலாம், தொடக் கூடாது. பழுப்பு நிறத்தில், நனைந்த துடைப்பத்தை வெட்டி வைத்த மாதிரி இருந்தது. யோரூன் காலையில் கறக்கப் போகும் முன்பும் கறந்து வந்த பின்பும் அதன் முன்னால் நிற்பாள். சனிக்கிழமை கிழக்கத்தி மாடுகளோடு லாரி கெத்திலிடம் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. அன்றைக்குச் சற்று அதிக நேரம் நின்றாள்.

ஏழாம் நாள் பச்சையாக ஒன்று தலை காட்டியது. நான் கத்திய கத்தலில் நாய் மேஜைக்கு அடியில் போய்விட்டது. பிரான்தூர் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான்.

"வாழ்த்துக்கள். களை."

"என்ன களையா?"

"கோழிக்கீரை. இது உன் பூட்ஸ்ல கூட முளைக்கும், தூமி. சொல்லப்போனா உன் கையுறையிலயே முளைக்கும்." நிமிர்ந்து யோரூனைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "இன்னும் நாள் இருக்கு. திமோத்தி அவசரப்படாது. அது வெளிய பாக்காம கதவைத் தொறக்குற ஜாதி இல்ல."

ஒன்பதாம் நாளும் ஒன்றுமில்லை. பத்தாம் நாள் சாப்பாட்டு மேஜையில் அவள் வேறு எங்கே மாடு எடுப்பார்கள் என்று பொதுவாகப் பேசினாள். நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். முள் எப்போதோ தீர்ந்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை, புதன்கிழமை, அவள் என்னைக் கூப்பிடவில்லை. நான் எழுந்து வந்தபோது ஜன்னல் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஊசியால் பழுப்பு இலைகளை ஒவ்வொன்றாக விலக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பேசாதே" என்றாள். "பதினொண்ணு. பன்னெண்டு."

தூரின் நடுவிலிருந்து, பழைய இலையின் உறைக்குள்ளிருந்து, ஊசிமுனை அளவு வெளிர்பச்சை. களை இல்லை. நானும் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். இருபது தூரில் பதினான்கில் இருந்தது. அறுபத்து நான்கு நாளாக அந்த மோசமான பள்ளத்தில், காற்றில்லாமல், ஆகஸ்டில் சேர்த்து வைத்த சர்க்கரையைத் துளித்துளியாகச் சாப்பிட்டுக்கொண்டு, சத்தமே போடாமல் இருந்திருக்கிறது.

"பதினாலு" என்றாள் யோரூன். "தூமி, பதினாலு!" என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் கையில் ஊசி இருந்ததைப் பற்றி நான் பிறகும் புகார் சொல்லவில்லை.

உயிர் இருக்கிறது என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? அன்றே நான்கு பண்ணைகளின் டிராக்டர்களுக்கும் சக்கரத்தில் சங்கிலி மாட்டினோம். பனிக்கட்டியின் மேல் ஓட்டி ஓட்டி நொறுக்கினோம், ஆற்றங்கரைக் கறுப்பு மணலை மேலே இறைத்தோம். கறுப்பு வெயிலைக் குடிக்கும், வெயில் பனிக்கட்டியைக் குடிக்கும். மூன்றாம் நாள் விரிசல்களில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிரான்தூர் டிராக்டரை நிறுத்திவிட்டு, "மூச்சு விடுதுடா!" என்று கத்தினான். எதிர்க்காற்றில் எனக்குப் பாதிதான் கேட்டது. போதுமானதாக இருந்தது.

மே மாதக் கடைசியில் வயல் பச்சையாக நின்றது. பள்ளத்தில் ஒரு கொட்டகை அளவு இடம் மட்டும் பழுப்பு. தண்ணீர் தேங்கிய மூலை. அதில் மறுபடி விதைத்துக்கொள்ளலாம்.

ஜன்னலில் இருந்த புல்கட்டியை வயலில் அதன் இடத்திலேயே வைத்துவிட மார்ச்சிலேயே எனக்கு ஆசை. யோரூன் விடவில்லை. சமையலறைச் சூட்டை நம்பி அது வசந்தம் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறது, குளிருக்கென்று செய்த ஏற்பாட்டையெல்லாம் கலைத்துவிட்டது, வெளியே வைத்தால் ஒரே உறைபனியில் செத்துவிடும் என்றாள். சரிதான். வயலைக் காப்பாற்றியவன் வயலுக்குத் திரும்ப முடியாமல், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், சோப்பு நுரை தெறிக்கத் தெறிக்க மூன்று மாதம் குடித்தனம் நடத்தினான். வெளிறி, நீண்டு, ஜன்னல் விளிம்பில் தொங்கினான்.

மாடுகளை முதன்முதலாக வெளியே விடும் நாளன்று காலையில் யோரூன் கத்தரிக்கோலை எடுத்து அதை ஒட்ட வெட்டினாள். ஒரு கைப்பிடி வந்தது. தொழுவத்துக்குக் கொண்டுபோனாள். நானும் பின்னால் போனேன், ஏதாவது சடங்கு நடக்கும் என்று. இருபத்திரண்டுக்கும் பங்கு போடத் தாங்காது. ஹூபாவிடம் நீட்டினாள்.

ஹூபா ஒரே வாயில் வாங்கி, இரண்டு தடவை மென்று, விழுங்கிவிட்டு, யோரூனின் காலிக் கையையும் பிறகு என்னையும் பார்த்தது.

"அவ்வளவுதான்டி" என்றாள் யோரூன். "மிச்சம் வெளிய இருக்கு."

கதவைத் திறந்துவிட்டாள்.